பூஜ்யத்துக்கும் பிழை உண்டு

'தென்படவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றா? தத்துவக் கேள்வி மாதிரித் தெரியும். கருவிகளோடு வேலை செய்பவர்களுக்கு இது தினசரிக் கணக்கு.

எந்தக் கருவியும் பலவீனமான சிக்னலைத் தவறவிடும், பலமானதைப் பிடித்துவிடும். நடுவில் இருப்பது சிலசமயம் சிக்கும், சிலசமயம் சிக்காது. சிக்னலின் பலம் கூடக்கூடப் பிடிபடும் விகிதம் எப்படி ஏறுகிறது என்று வரைந்தால் 'எஸ்' எழுத்தைச் சாய்த்துப் போட்டதுபோல ஒரு கோடு வரும். அதுதான் சிக்மாய்டு. பைத்தானில் நாலு வரி எழுதினால் மென்பொருளே அதைப் பொருத்திக் கொடுத்துவிடும்.

வில்லங்கம் முனைகளில்தான் இருக்கிறது. 10 தடவை சோதித்து ஒன்றுகூடச் சிக்கவில்லை என்றால் விகிதம் பூஜ்யம். வழக்கமான சூத்திரத்தில் போட்டால் அதன் பிழையும் பூஜ்யமாகிவிடும். பிழையே இல்லாத புள்ளிக்கு எடை முடிவிலி, கணக்கு உடைந்துவிடும். உடையாமலிருக்க ஏதோ ஒரு சின்ன எண்ணைப் போட்டுச் சமாளித்தால், கோடு அந்த ஒரு புள்ளிக்கே அடிமையாகும். ஈருறுப்புப் பரவலை வைத்து ஒழுங்காகக் கணக்கிட்டால் கதை வேறு: 10-க்கு 0 வந்தாலும், 95 சதவீத நம்பிக்கையில், உண்மையான விகிதம் சுமார் 26 சதவீதம் வரை இருக்கலாம். நாலில் ஒன்றுக்கும் மேல்!

சிலிபினிலிருந்து புக்கிட் மேரா ரொம்பத் தூரமில்லை. 1982-ல் அங்கே ஏசியன் ரேர் எர்த் ஆலை, ஈயச் சுரங்க அமாங்கிலிருந்து கிடைக்கும் மோனசைட்டைப் பதப்படுத்தத் தொடங்கியது. கழிவில் தோரியம். 1985-ல் ஊர்மக்கள் வழக்குப் போட்டார்கள். 1992-ல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. 1993-ல் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1994-ல் ஆலை மூடப்பட்டது. கதிரியக்க அளவீடுகளை வைத்து இரண்டு தரப்பும் மோதிய வழக்கு அது.

நீதிமன்றத்துக்கு ஆம், இல்லை என்ற படிக்கட்டு வேண்டும். நம் அறிவோ சரிவாகத்தான் ஏறுகிறது. அந்தச் சரிவில் எந்த இடத்தில் கோடு கிழிப்பது என்று மென்பொருள் சொல்லாது. 50 சதவீதப் புள்ளி கணக்குக்கு வசதி, அவ்வளவுதான். அதில் நியாயம் எதுவும் இல்லை. பொய் அபாயமணி அடித்தால் நஷ்டம் ஆலைக்கு. அடிக்க வேண்டியபோது அடிக்காவிட்டால் நஷ்டம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைப்பதே ஒரு பக்கம் சாய்வதுதான்.

அதனால், 'ஒன்றும் இல்லைங்க' என்று யார் அறிக்கை நீட்டினாலும் இரண்டு கேள்வி கேட்போம். எத்தனை தடவை பார்த்தீங்க? இருந்திருந்தா, உங்க கருவி அதைக் காட்டியிருக்குமா?