சதுரம் செவ்வகமா?

பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் நடத்தும்போது, இன்ஹெரிட்டன்ஸ் பாடம் வந்ததும் நான் கேட்கும் கேள்வி இது. வகுப்பே சிரிக்கும். “என்ன சார், ஸ்கூல் கேள்வி! எல்லா சதுரமும் செவ்வகம்தானே?”

சரி, அதையே ஜாவாவில் எழுதுங்கள் என்பேன். செவ்வகம் என்றொரு கிளாஸ். அகலத்தை மாற்ற ஒரு மெத்தட், உயரத்தை மாற்ற ஒரு மெத்தட். அதன் வாரிசாகச் சதுரம். சதுரம் சதுரமாகவே இருக்கவேண்டுமென்றால் அகலத்தை மாற்றும்போது உயரமும் கூடவே மாறியாகவேண்டும். செவ்வகத்தை மட்டுமே அறிந்த ஒருவர் வேறெங்கோ எழுதிவைத்திருக்கிறார்: அகலம் 5, பிறகு உயரம் 4, பரப்பு 20. அவரிடம் சதுரத்தைக் கொடுத்தால் 16 வரும். கம்பைலர் வாயைத் திறக்காது.

பார்பரா லிஸ்கவ் 1987இல் ஓர் உரையிலும், 1994இல் ஜனெட் விங்குடன் எழுதிய கட்டுரையிலும் இதற்கான விதியை வகுத்தார். மூலவகை இருக்கும் இடத்தில் துணைவகையை வைத்தால், மூலவகையை நம்பி எழுதியவர் ஏமாறக்கூடாது. வரையறை ‘நீ யார்?’ என்று கேட்கிறது. லிஸ்கவ் ‘உன்னை நம்பியவர் எதை எதிர்பார்க்கலாம்?’ என்று கேட்கிறார்.

அப்படியானால் கணிதம் பொய்யா? இல்லை. கணிதத்தின் செவ்வகம் வரைந்தபடியே இருக்கும், அதன் அகலத்தை யாரும் மாற்றுவதில்லை. நிரலிலும் மாற்றும் மெத்தட்களை எடுத்துவிட்டால் சதுரம் தாராளமாகச் செவ்வகமாக இருந்துகொள்ளலாம். மாற்றம் உள்ளே வந்த பிறகுதான் வரையறை போதாமல் ஆகிறது, கொடுத்த வாக்கு என்ன என்ற கேள்வி எழுகிறது.

ஒரு மாணவன் கேட்டான்: “சார், சதுரம் என்ன தப்பு பண்ணுச்சு? அது அதோட இயல்புலதானே இருக்கு?” சரியான கேள்வி. தவறு சதுரத்தினுடையதல்ல, அதை அந்தப் பெயரின் கீழ் கொண்டுபோய் வைத்த வடிவமைப்பாளருடையது. தாய் கிளாஸ், வாரிசு என்று குடும்பத்திலிருந்து சொற்களை எடுத்துக்கொண்ட துறை இது. குடும்பத்திலோ இந்த நியாயம் தலைகீழாகிவிடுகிறது. தான் கொடுக்காத வாக்கைக் காப்பாற்றவில்லை என்று பிள்ளையைத்தான் குற்றம் சொல்கிறோம். அப்பா ஆசைப்பட்டு கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிட்டவர்கள் என் வகுப்பிலேயே உண்டு. அவர்களுக்கு அரியர் விழுந்தால் வீட்டில் யாரும் வடிவமைப்பைச் சந்தேகிப்பதில்லை.

நிரலில் இதற்கு வழி உண்டு. இரண்டையும் ‘வடிவம்’ என்ற பொதுப்பெயரின் கீழ் கொண்டுவந்து, பரப்பை மட்டும் சொல்லச் சொல்லலாம். அதற்கு விலையும் உண்டு: அகலத்தைத் தனியாக மாற்றித்தா என்று ‘வடிவ’த்திடம் இனிக் கேட்கமுடியாது. எத்தனை விதமானவர்களுக்கு ஒரு பெயரில் இடம் தருகிறோமோ, அந்தப் பெயரால் கேட்கக்கூடியது அவ்வளவு குறைகிறது. அந்தக் குறைவைச் சம்மதித்து ஏற்பதுதான் நேர்மை என்று எனக்குப் படுகிறது. எல்லோரையும் சேர்த்துக்கொண்டு, ஒருவரிடம் கேட்டதையே எல்லோரிடமும் கேட்பது பெருந்தன்மை மாதிரி தெரியும். 20 வரவேண்டிய இடத்தில் 16 வரும்போதுதான் அது என்னவென்று புரியும்.