சிறிய டிராக்டரும் கரிசல் மண்ணும்

‘என் சக்தி இவ்வளவுதான்’ என்று கூறி ஒரு பொறுப்பிலிருந்து விலகுகிறோம். அது தன்னை அறிந்தவனின் பணிவா, பணிவின் பெயரைச் சூடிக்கொண்ட சோம்பலா? வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், பிறரை மட்டுமன்றி நம்மையே நாம் எளிதில் ஏமாற்றிக்கொள்கிறோம்.

மகாராஷ்டிரத்தின் விதர்பப் பகுதியில் முதியவர் ஒருவர் தம் பருத்தி நிலத்தை உழுவதைக் கண்டபோதுதான் இக்கேள்வி எனக்குச் சற்றே தெளிந்தது. அவரிடம் இருந்தது பழைய எச்.எம்.டி. 2511. செக்கோஸ்லோவாகியாவின் ஜீட்டர் டிராக்டரை அடிப்படையாகக் கொண்டு பிஞ்சோர் தொழிற்சாலையில் உருவானது. 25 குதிரைத்திறன் உடையது. அந்நிறுவனத்தின் டிராக்டர் பிரிவை மூடுவதென மத்திய அரசு 2016இல் முடிவு செய்தது. பெரியவரின் வண்டிக்கு அச்செய்தி எட்டவில்லை போலும்!

கரிசல் மண் நீரை உறிஞ்சி உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரத்தில் கொழுவைப் பசைபோல் பற்றிக்கொள்ளும், உலர்ந்தபின் கல்லாகிவிடும். இவ்விரு நிலைகளுக்கும் இடையே உழவுக்கு உகந்தவை சில நாட்களே. கோடைமழை பெய்து ஓய்ந்திருந்தது. பெரியவர் காலைதோறும் சாலின் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் உருட்டிப் பார்ப்பார். திரிபோல் நீண்டால் வண்டியைத் தொடமாட்டார். ஈரம் மிகுந்திருக்கையில் உழுதால் அடிமண் மெழுகியதுபோல் இறுகி, வேர்களுக்குச் சுவராகிவிடும். மண் உதிர்ந்த நாளில் புறப்பட்டார்.

இரட்டைக் கொழுக் கலப்பையை ஒதுக்கி, ஒற்றைக் கொழுவைப் பூட்டினார். பின்சக்கரங்களில் இரும்பு எடைகள், டயர்களுக்குள் தண்ணீர், தாழ்ந்த கியர். ஆழம் ஒரு சாண்கூட இல்லை. ‘அகல உழுவதிலும் ஆழ உழுவது மேல்’ என்னும் நம் பழமொழியை எனக்குத் தெரிந்த இந்தியில் எடுத்துரைத்தேன். “வண்டியையும் கேட்க வேண்டுமல்லவா, ஐயா?” என்று சிரித்தார்.

ஓரிடத்தில் சக்கரம் வழுக்கியது. பதற்றமுற்றவர் விசையை மிதித்திருப்பார்; சக்கரமும் தன் குழியைத் தானே தோண்டியிருக்கும். பெரியவரோ கலப்பையைச் சற்றே உயர்த்தினார். சக்கரம் மண்ணைப் பற்றியதும் மீண்டும் இறக்கினார். சக்கரம் சிறிதும் வழுக்காமல் உழுதல் இயலாது என்பதைப் பின்னர் அறிந்தேன். நூற்றுக்குப் பத்து, பதினைந்து பங்கு வழுக்குவது இயல்பே. அதற்கு மேற்பட்டால்தான் எரிபொருள் வீணாகும்.

அகலம், ஆழம், வேகம் ஆகிய மூன்றையும் அவர் குறைத்துக்கொண்டார். ஆனால் நிலத்தைக் குறைக்கவில்லை. பெரிய வண்டி ஒரே நாளில் முடித்திருக்கும் வேலையை மூன்று நாட்கள் செய்தார்.

இது என்னைச் சுட்டது. வாரம் ஆறு மாலைகள் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வந்தேன். உடல் தளர்ந்தபோது அடியோடு நிறுத்திவிட்டேன். விவேகமான முடிவு என்று அனைவரும் கூறினர், நானும் நம்பினேன். இரண்டு மாலைகள், அரைமணி நேரம் என்று தொடர்ந்திருக்கலாம். அந்த எண்ணம் தோன்றாமலும் இல்லை. பெரிதாகச் செய்துவந்ததைச் சிறிதாகச் செய்ய மனம் கூசியது. என்னைத் தடுத்தது தளர்ச்சியன்று, சோம்பலும் அன்று, அகந்தை.

நிலத்தையே குறைக்கவேண்டிய வேளையும் உண்டு என்பதை மறைக்கலாகாது. வயலின் தாழ்ந்த மூலை ஒன்று இறுகிக் கிடந்தது. இருமுறை முயன்றபின் பெரியவர் வண்டியைத் திருப்பிக்கொண்டார்; அம்மூலைக்கு மட்டும் வாடகைக்குப் பெரிய டிராக்டரை அழைத்துவருமாறு மகனிடம் கூறினார். அக்குரலில் வருத்தம் இல்லை. முயன்று பார்த்தபின் கூறியதாலோ என்னவோ!

ஊர் திரும்பியதும் அப்பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்றேன். பலர் வேறிடங்களில் சேர்ந்துவிட்டிருந்தனர். இருவர் வந்தனர். செவ்வாயும் வெள்ளியும் அரைமணி நேரம் அமர்கிறோம். இப்போது பின்னங்கள் நடக்கின்றன.