கடமையும் கடனும்

தமிழில் 'கடன்' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஒருவர் செய்தே ஆகவேண்டிய கடமையும் கடன். ஒருவர் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டிய தொகையும் கடன். முன்னது கொடுப்பதோடு நிறைவு பெறுவது. பின்னது திரும்பி வரும்வரை நிறைவு பெறாதது. ஒரே சொல்லுக்குள் குடியிருக்கும் இவ்விரு பொருள்களையும் நம் இல்லங்கள் அறியாமலே குழப்பிக்கொள்ளும் காலம் ஒன்று உண்டு. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் ஆண்டே அது.

அவ்வாண்டில் வீட்டின் நடைமுறையே மாறிவிடுகின்றது. தொலைக்காட்சி அணைக்கப்படுகின்றது. நெருங்கிய உறவினர் வீட்டுத் திருமணத்திற்குத் தந்தை மட்டும் சென்று தலையைக் காட்டிவிட்டுத் திரும்புகின்றார். தாய் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, படிக்கும் பிள்ளைக்குத் தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டுத் தானும் அருகில் விழித்திருக்கின்றாள். டியூஷன் கட்டணத்திற்காகக் கழுத்திலிருந்த சங்கிலி அடகுக் கடைக்குச் செல்கின்றது. அரையாண்டுத் தேர்வு, திருப்புதல் தேர்வு, செய்முறைத் தேர்வு என்று மார்ச் மாதத்தை நோக்கி நாள்கள் எண்ணப்படுகின்றன. இவை யாவும் உண்மையான தியாகங்கள். இவற்றை எள்ளி நகையாட எவருக்கும் உரிமை இல்லை.

ஆயினும் இவ்விடத்தில் ஒரு வினா எழுகின்றது. இத்தியாகங்களை நாம் பிள்ளைக்குக் கொடுக்கின்றோமா, அல்லது கடனாகத் தருகின்றோமா?

கொடை கடனாக மாறுவதற்குப் பெரிய செயல் எதுவும் தேவையில்லை. ஒரு வாக்கியம் போதும். "உனக்காகத்தானே இவ்வளவும் செய்கிறோம்." "அப்பா வெயிலில் நின்று உழைப்பது யாருக்காக?" "அம்மாவின் சங்கிலி எங்கே போயிற்று என்று உனக்குத் தெரியுமா?" இவை பொய்யான சொற்கள் அல்ல. பெரும்பாலும் அன்பு மிகுதியால் வருபவை. அவற்றைக் கேட்கும் பதினேழு வயதுப் பிள்ளையோ, தன் பெயரில் ஒரு கணக்கேடு திறக்கப்பட்டிருப்பதை உணர்கின்றது. அன்று முதல் காலைத் தேநீரும் அந்த ஏட்டில் ஏறுகின்றது.

கடன் என்றால் அதைத் திருப்பிச் செலுத்த ஒரு நாணயம் வேண்டும். நம் வீடுகளில் அந்த நாணயம் மதிப்பெண். ஆனால் இது எத்துணை நிலையற்ற நாணயம் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டது. 1984 முதல் 2006 வரை தொழிற்கல்விக்குத் தனி நுழைவுத்தேர்வு இருந்தது. பின்பு அது நீக்கப்பட்டது. 2017 முதல் மருத்துவக் கல்விக்கு நீட் தேர்வு வந்தது. 2018 வரை பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு மொத்தம் 1,200 மதிப்பெண்கள். 2019 முதல் 600. ஒரு தலைமுறைக்குக் கனவாக இருந்த 1,100 என்னும் எண்ணுக்கு இன்று பொருளே இல்லை. முதல் மூன்று இடங்களைப் பெற்றவர்களின் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தையும் 2017இல் அரசு நிறுத்திவிட்டது. எனினும் வீட்டுக்குள் நடத்தப்படும் தரவரிசையை நிறுத்துவதற்கு எந்த அரசாணையாலும் இயலவில்லை. முடிவு வெளியான அன்று மாலை வரும் தொலைபேசி அழைப்புகளே அதற்குச் சான்று.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். அது நேர்மையான மறுப்பு. "நன்றியறிதல் ஒரு நற்பண்பு அன்றோ? பெற்றோரின் துன்பத்தைப் பிள்ளை அறிய வேண்டாமா? வசதி படைத்தவர்கள் மதிப்பெண்ணைப் பொருட்படுத்தாமல் இருக்கலாம். அன்றாடங்காய்ச்சிக் குடும்பத்தில் முதன்முதலாகப் பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்திருக்கும் பிள்ளையின் தேர்ச்சியை நம்பியன்றோ தம்பி தங்கையின் எதிர்காலமும் இருக்கின்றது? இதை மறைப்பது எவ்வகையில் நியாயம்?"

மறைக்க வேண்டியதில்லை, மறைக்கவும் கூடாது. குடும்பத்தின் நிலைமையைப் பிள்ளையிடம் எடுத்துரைப்பது வேறு. குடும்பத்தின் துன்பத்திற்குப் பிள்ளையிடம் விலை கேட்பது வேறு. "நம்மிடம் இவ்வளவுதான் இருக்கின்றது, இதற்குள் உன் படிப்பை எவ்வாறு நடத்தலாம் என்று சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லும் தந்தை, பிள்ளையைத் தம்மோடு சுமை தூக்கும் தோழனாக ஏற்கின்றார். "உன்னால்தான் எங்களுக்கு இவ்வளவு செலவு" என்று சொல்பவரோ, அதே பிள்ளையைச் சுமையாக்கிவிடுகின்றார். இரு வீடுகளிலும் வறுமை ஒன்றே, செலவும் ஒன்றே. ஆனால் ஒரு வீட்டில் பிள்ளை பங்காளி, மற்றொன்றில் கடனாளி. நன்றியோ பங்காளியின் உள்ளத்தில்தான் முளைக்கின்றது. கடனாளியின் உள்ளத்தில் தவணை நாள் பற்றிய அச்சம் மட்டுமே முளைக்கின்றது.

நம் முன்னோர் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தனர். புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் என்னும் புலவர் ஐந்து கடன்களை வரிசைப்படுத்துகின்றார். பெற்று வளர்ப்பது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு, வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கு, நல்லொழுக்கம் அளிப்பது வேந்தனுக்கு, களத்தில் பொருதுவது மகனுக்கு. அது போர்க்காலச் சமூகத்தின் பாடல். அதன் போர்க்களத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அதில் கடன் என்பது எவ்வாறு இயங்குகின்றது என்று பாருங்கள். ஐவரும் தத்தம் பணியை ஆற்றுகின்றனர். ஒருவருக்கொருவர் கணக்குத் தீர்த்துக்கொள்வதில்லை. கொல்லன் வேலுக்கு ஈடாக வெற்றியைக் கேட்கவில்லை. மகனுக்கு உரியது அவன் வாழ்வில் ஆற்றவேண்டிய பணியே. அது தாய்க்குச் செலுத்தும் தவணை அன்று. வள்ளுவரும் ஒப்புரவறிதல் அதிகாரத்தின் முதற் குறளிலேயே, பதிலுதவி எதிர்பாராத கடமைக்கு மழையை எடுத்துக்காட்டாக நிறுத்துகின்றார்.

கணக்கேடு திறக்கப்பட்ட வீட்டில் என்ன நிகழ்கின்றது? இரண்டில் ஒன்று நிகழும்.

முதலாவது, பிள்ளையால் கடனைச் செலுத்த இயலாமற் போவது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. இவர்களுள் ஒவ்வொருவரின் துயரத்திற்கும் பல காரணங்கள் இருந்திருக்கும். தேர்வு ஒன்றே காரணம் என்றோ, பெற்றோரே காரணம் என்றோ சொல்வது பெரும் பிழை. துயருற்ற குடும்பங்களுக்குச் செய்யும் கொடுமையுமாகும். எனினும் அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005இல் வெளியிட்ட நூலில் சுட்டிக்காட்டிய ஒன்றை நாம் மனத்தில் இருத்த வேண்டும். சாவை நாடச் செய்யும் உணர்வுகளுள் இரண்டினை அவர் முதன்மையாகக் குறிப்பிடுகின்றார்: தனக்கு எங்கும் இடமில்லை என்னும் உணர்வு ஒன்று, தான் பிறருக்குச் சுமை என்னும் உணர்வு மற்றொன்று. "என்னால் உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்" என்று பிள்ளை சொல்லும்போது, அதைப் பொறுப்புணர்வு என்று மகிழ்ந்துவிடாதீர்கள். கணக்கேட்டைப் படித்துவிட்ட பிள்ளை பேசும் சொல்லாகவும் அது இருக்கக்கூடும். அருகில் அமர்ந்து கேட்க வேண்டிய தருணம் அது.

இரண்டாவது, பிள்ளை கடனைச் செலுத்திவிடுவது. இதை நாம் வெற்றி என்று கொண்டாடுகின்றோம். எதிர்பார்த்த மதிப்பெண், எதிர்பார்த்த கல்லூரி, எதிர்பார்த்த வேலை எல்லாம் வந்து சேர்கின்றன. மாதந்தோறும் பணமும் வருகின்றது. ஆனால், "பணம் அனுப்புகின்றான், பேச மாட்டேன் என்கின்றான்" என்று முதுமையில் வருந்தும் பெற்றோர் எத்தனை பேர்! கடனை அடைத்தவன் கடன் கொடுத்தவர் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து கதை பேசுவதில்லை. கணக்குத் தீர்ந்தது, உறவும் தீர்ந்தது. நாம் கேட்டதைத்தான் பிள்ளை தந்திருக்கின்றது.

நமக்குச் சோதனையாக வாய்த்த ஆண்டு ஒன்று உண்டு. கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக 2021 ஜூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வையே ரத்து செய்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 50 விழுக்காடு, பதினொன்றாம் வகுப்பிலிருந்து 20 விழுக்காடு, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீடு ஆகியவற்றிலிருந்து 30 விழுக்காடு என்று கணக்கிட்டு, எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு மதிப்பெண் வழங்கப்பட்டது. எந்த நாளுக்காக வீடே தவமிருந்ததோ, அந்த நாள் வரவே இல்லை. அப்படியானால் அவ்வாண்டின் தியாகங்கள் வீணாயினவா? மதிப்பெண்ணுக்காகச் செய்யப்பட்டிருந்தால் ஓரளவு வீண்தான். பிள்ளைக்காகச் செய்யப்பட்டிருந்தால் ஒரு துளியும் வீணாகவில்லை. விடியற்காலையில் தாயும் பிள்ளையும் ஒரே விளக்கின் கீழ் விழித்திருந்த அந்த நேரம் அவர்களுடையதாகவே நின்றது. தேர்வை அகற்றிவிட்டுப் பார்த்தால் நம் வீட்டில் என்ன எஞ்சும் என்னும் வினாவை ஒவ்வொரு பெற்றோரும் தமக்குள் கேட்டுக்கொள்வது நன்று.

அப்படியெனில் கடமையை எவ்வாறு ஆற்றுவது? முதலில், செய்வதைச் சொல்லாமல் செய்வோம். வேளைக்கு உணவு, போதிய உறக்கம், படிக்க அமைதியான ஒரு மூலை ஆகியவை பிள்ளைக்கு உரியவை. அவற்றைக் கொடுக்கும்போது நினைவூட்டல் எதற்கு? மேசை மீது பால் குவளையை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பும் தாய், ஒரு மணி நேர அறிவுரையைவிட அதிகம் உதவுகின்றாள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை அந்த மேசைக்குக் கொண்டு வராதிருப்பதும் உதவியே.

அடுத்து, மாற்று வழிகளைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்து வைத்திருக்க வேண்டும். தேர்ச்சி பெறாத பாடங்களைச் சில வாரங்களிலேயே துணைத்தேர்வில் எழுதி, அதே ஆண்டில் கல்லூரியில் சேர இயலும். விடைத்தாள் நகல் பெறலாம், மறுகூட்டலுக்கு விண்ணப்பிக்கலாம். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., கலை அறிவியல் கல்லூரி எனப் பாதைகள் பல. இவற்றை "படிக்காவிட்டால் அங்கேதான் போக வேண்டும்" என்று அச்சுறுத்தப் பயன்படுத்துபவர், பிள்ளை ஒருநாள் நடக்க நேரக்கூடிய பாதையில் தாமே முள்ளை இடுகின்றார். பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்னும் எண்ணில் கல்வி பற்றிய ஐயங்களைக் கேட்கலாம். உறக்கமின்மை, உணவை வெறுத்தல், தனிமையை நாடுதல் ஆகியவை தொடர்ந்தால், 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் மனநல உதவி மையத்தை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். மருத்துவரிடம் செல்வது போன்றதே இதுவும். இதில் வெட்கத்திற்கு இடமில்லை.

எல்லாவற்றினும் முதன்மையானது, சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய காலத்தில் சொல்வது. "மதிப்பெண் எதுவாக இருந்தாலும் நீ எங்கள் பிள்ளை" என்று மே மாதத்தில் முடிவு வந்த பின் சொல்வது ஆறுதல். அதையே, அரையாண்டுத் தேர்வுக்கும் முன்னதாக, எதுவும் தெரியாத நிலையில் சொல்வது கொடை. முடிவைப் பார்த்த பின் வரும் அன்பு, முடிவுக்காகக் காத்திருந்த அன்பு என்றே பிள்ளைக்குத் தோன்றும். இப்படிச் சொன்னால் பிள்ளை சோம்பிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. காலடியில் தரை உறுதியாக இருப்பதை அறிந்தவர்தாம் துணிந்து ஏணியில் ஏறுவர்.

இறுதியாக, நம் வேண்டுதல்களைப் பற்றியும் ஒரு சொல். தேர்வு நுழைவுச்சீட்டைப் பீடத்தில் வைத்து மன்றாடுவதும், வேளாங்கண்ணி அன்னைக்கு நேர்ந்துகொள்வதும் நம் குடும்பங்களில் வழக்கம். நேர்த்திக்கடன் என்னும் சொல்லிலும் அந்தக் கடன் ஒளிந்திருக்கின்றது. இரவு செபத்தில் பிள்ளையின் காதுபட நாம் எதை வேண்டுகின்றோம்? மதிப்பெண்ணை மட்டுமே வேண்டினால், கடவுளும் கடன் கொடுத்தவர்கள் பக்கம் சேர்ந்துவிட்டார் என்று அது எண்ணக்கூடும். மதிப்பெண் கேட்பது தவறன்று. ஆனால் அதற்கு முன்னதாக, இப்பிள்ளையை எங்களுக்குத் தந்ததற்காக நன்றி சொல்வோம். தான் ஒரு கடனாளி அல்ல, இவ்வீட்டிற்கு வந்த கொடை என்பதை அன்றிரவு அது கேட்கட்டும். பிறகு புத்தகத்தைத் திறக்கட்டும்.