கொள்ளேன் என்னும் சொல்

கொடுத்தல் அரிதா, கொள்ளுதல் அரிதா என்று கேட்டால் நம்மில் பலரும் தயங்காமல் விடை கூறிவிடுவோம். கொடுப்பதற்கு மனம் வேண்டும். கொள்வதற்குக் கை இருந்தால் போதாதா என்போம். நானும் அறுபத்தேழு ஆண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் முதன்முதலாக ஆட்டம் கண்டது 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், ஜப்பானிய மலைப்பாதை ஒன்றில், இரண்டு ஆரஞ்சுப் பழங்களால்.

ஒசாகாவில் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். நடந்தே சென்று பழகிய கால்களுக்கு ஒரு நாளேனும் வேலை கொடுக்க வேண்டும் என்று சொன்னபோது, மருமகன் ஷிகோகுத் தீவிற்கு அழைத்துச் சென்றார். அங்கே எண்பத்தெட்டுப் பௌத்தக் கோயில்களை வட்டமாக இணைக்கும் யாத்திரைப் பாதை ஒன்று உண்டு. தீவைச் சுற்றி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். முழுதும் நடப்பவர்க்கு ஆறு வாரம் முதல் எட்டு வாரம் வரை ஆகும். இப்பாதை கோபோ தைஷி என்று போற்றப்படும் கூகாய் என்னும் துறவியின் நினைவாக அமைந்தது. 774இல் அத்தீவிலேயே பிறந்து, 804இல் சீனம் சென்று கற்றுத் திரும்பி, ஷிங்கோன் நெறியை நிறுவி, 835இல் மறைந்தவர் அவர். அந்நெறியின் ஆசிரியப் பரம்பரையில் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியே சீனம் சென்ற வச்சிரபோதியின் பெயரும் உண்டு என்பதை எண்ணியபோது, பாதை சற்று உறவுடையதாகத் தோன்றியது. தொலைவில் நம்மவர் ஒருவர் பெயரைக் கண்டால் மகிழும் நம் இயல்பை நீங்கள் அறிவீர்கள்!

நாங்கள் நடந்தது பதினோராம் கோயிலாகிய ஃபுஜியிதேராவிலிருந்து பன்னிரண்டாம் கோயிலாகிய ஷோசான்ஜி வரை. தூரம் பதின்மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் சமவெளியின் விளிம்பில் தொடங்கி, எழுநூறு மீட்டர் உயரத்திற்கு மேல் ஏறி, பெரும் பள்ளத்தில் இறங்கி, மீண்டும் எழுநூறு மீட்டருக்கு ஏற வேண்டும். யாத்திரிகரை உருட்டிவிடும் இடம் என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. பெயரிட்டவர் நடந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

யாத்திரிகர் வெள்ளை மேலாடை அணிகின்றனர். அது பிணத்திற்கு உடுத்தும் ஆடை. வழியில் இறந்தால் வேறு ஆடை தேட வேண்டியதில்லை. கையிலுள்ள ஊன்றுகோல் கல்லறைக் கல்லுக்கு ஈடு. அக்கோல் தைஷியே என்றும் கருதுகின்றனர். ஆகவே விடுதியை அடைந்ததும் தம் காலைக் கழுவுமுன் கோலின் அடியைக் கழுவுவர். தனியே நடப்பவனும் தனியே நடப்பதில்லை, இருவராக நடக்கின்றான் என்பது அவர்கள் கொள்கை. பாலங்களின்மேல் மட்டும் கோலை ஊன்றுவதில்லை. ஒரு குளிர் இரவில் தங்க இடம் கொடுப்பார் யாருமின்றித் தைஷி ஒரு பாலத்தடியில் படுத்திருந்தாராம்; இன்றும் அங்கே உறங்குகின்றாரோ என்னும் அச்சம். இன்று பெரும்பாலோர் பேருந்திலும் காரிலும் சுற்றி வருகின்றனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடப்பவர் சிலரே.

பள்ளத்தின் அடியில் ஒரு சிற்றூர். சில வீடுகள், அவற்றுள்ளும் சில பூட்டிக் கிடந்தன. முதுகு வளைந்த ஒரு மூதாட்டி எங்களைக் கண்டு வாசலை விட்டு இறங்கி வந்தார். உள்ளங்கையில் தோல் தளர்ந்த இரண்டு சிறு ஆரஞ்சுகளை வைத்து என்னிடம் நீட்டினார். நான் கைகூப்பி, வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் முகம் மாறியது. சினமன்று; ஏதோ பிழை செய்துவிட்டவரைப் போன்ற கலக்கம். மருமகன் தாழ்ந்த குரலில், “மறுக்கக் கூடாது மாமா. இங்கே அது வழக்கமில்லை. வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். வாங்கிக்கொண்டேன். உடனே சட்டைப் பையில் கைவிட்டுப் பணம் எடுத்தேன். மருமகன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். வாழ்நாளில் அவர் என் கையைப் பிடித்தது அஃது ஒரு முறைதான்.

மூதாட்டி ஏதோ கூறினார். “ஒன்று உங்களுக்காம், மற்றொன்று உங்களுடன் நடப்பவருக்காம்” என்று மருமகன் மொழிபெயர்த்தார். அவரைக் குறிக்கின்றாரோ, கோலைக் குறிக்கின்றாரோ என்பது எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை.

அவர்கள் இதனை ஒசெத்தாய் என்கின்றனர். உணவாகவோ, பழமாகவோ, சில நாணயங்களாகவோ, ஓர் இரவுத் தங்கலாகவோ அமையலாம். யாத்திரிகனுக்குக் கொடுப்பது தைஷிக்கே கொடுப்பதாகும். ஆதலால் மறுக்கும் உரிமை அவனுக்கு இல்லை. கொடுத்தவருக்கு அவன் தரக்கூடியது, தன் பெயரும் ஊரும் நாளும் எழுதிய ஒரு தாள் துண்டு மட்டுமே. முற்காலத்தில் அத்துண்டுகளை வைக்கோல் பொதியில் சேர்த்து வீட்டு உத்தரத்தில் காப்பாகத் தொங்கவிடுவார்களாம்.

இவ்வழக்கத்தின்மீது நேர்மையான ஐயங்கள் எழுகின்றன. பெரும் ஏற்றத்தின் இரண்டாம் பாதி முழுதும் நான் அவற்றையே கிளறிக்கொண்டு நடந்தேன். முதலாவது, மூதாட்டி கொடுத்தது எனக்கன்று, தம் புண்ணியத்திற்கு. நான் அஞ்சற்பெட்டி மட்டுமே. ஒரு மனிதனை இவ்வாறு கருவியாக்குவது அவனை மதிப்பதாகுமா? அடுத்து, நான் ஓய்வூதியம் பெறுபவன். அவரோ மலையிடுக்கில் தனித்து வாழ்பவர். தகுதி பாராமல் கொடுப்பது அறமாயினும், தகுதியில்லாதவன் கொள்வது அறமாகுமா?

இவற்றுள் தகுதி பற்றிய வினா வலிமை குன்றியது என்று இப்போது கருதுகின்றேன். அப்பாதையில் தொழுநோயாளரும், ஊரால் விலக்கப்பட்டோரும், வேறு புகலிடம் இல்லாதோரும் வாழ்நாள் முழுதும் சுற்றிச் சுற்றி நடந்து மடிந்திருக்கின்றனர். வாசலில் நிற்பவன் பக்தனா, பிச்சைக்காரனா, ஏமாற்றுபவனா என்று ஆராய்ந்து கொடுத்திருந்தால் அவர்களுள் பலர் முதல் வாரத்திலேயே இறந்திருப்பர். வெள்ளை ஆடை எல்லோரையும் ஒன்றாக்கிற்று. அவர்களுக்கு நாணமின்றிக் கிடைக்க வேண்டுமானால், என்னைப் போன்றவனும் அதே கையால் அதே பழத்தை வாங்கித்தான் ஆக வேண்டும். வசதியுள்ளவன் மறுக்கத் தொடங்கினால், வாங்குபவன் வசதியற்றவன் என்பது அம்பலமாகிவிடும் அன்றோ?

கருவியாதல் பற்றிய ஐயம் எனக்கு இன்னும் முழுதும் தீரவில்லை.

ஆயினும் இவ்வினாக்களை நான் எழுப்பியதற்குக் காரணம் தத்துவ ஆர்வமன்று. தில்லியில் நடுவணரசு அலுவலகம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றினேன். தீபாவளி வந்தால் உலர்பழப் பெட்டிகள் வரும். பெட்டிக்குப் பின்னால் ஒரு கோப்பு வரும். எல்லாவற்றையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. அவை கொடையல்ல, முன்பணம். ஆனால் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே அசைவைச் செய்த கை, அலுவலகம் எது, வீடு எது என்று பிரித்தறிய மறந்துவிடுகின்றது.

தந்தையார் மறைந்தபோது தம்பி பள்ளிச் சிறுவன். என் ஊதியத்தில் அவனைப் படிக்க வைத்தேன். அவன் நல்ல நிலைக்கு வந்தான். 2005இல் என் மகளின் திருமணத்திற்கு முன்பாக அவனிடமிருந்து ஒரு வங்கி வரைவோலை வந்தது. பெருந்தொகை. அதை நான் திருப்பி அனுப்பினேன். அனுப்பியதோடு நில்லாமல் மடலில் புறநானூற்றை எடுத்துக்காட்டினேன். வல்வில் ஓரியைக் கழைதின் யானையார் பாடிய 204ஆம் பாட்டை இச்சங்கத்து அன்பர்கள் அறிவார்கள். இரத்தல் இழிவு, ஈயாமை அதனினும் இழிவு, வலிந்து கொடுத்தல் உயர்வு, அதனை ஏலாமை அதனினும் உயர்வு என்று நான்கு படிகள் காட்டும் பாட்டு அது. நான்காம் படியில் நானே நிற்பதாக எண்ணிக்கொண்டு, என்னுடைய அழகான கையெழுத்தில் அதை எழுதினேன்.

தம்பி திருமணத்திற்கு வந்தான். விருந்தினரைப் போல் வந்து விருந்தினரைப் போல் சென்றான். பின்னர்க் குறையொன்றும் சொன்னதில்லை. 2012இல் இறந்துவிட்டான்.

மலையில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது அந்தப் பாட்டு வேறொரு முகத்துடன் வந்தது. அதன் துறை பரிசில். ஏலாமையை உச்சியில் வைத்துப் பாடிய புலவர், ஓரியின் முன் நின்றது பரிசில் வேண்டித்தான். இரப்பவன் வாயில் அச்சொல் எஞ்சியிருக்கும் தன்மானம். வறுமைக்கு நடுவே அவன் காப்பாற்றிக்கொண்ட ஒரே செல்வம். அதே சொல்லை, கொடுத்துப் பழகிய தமையன் தம்பியிடம் கூறினால் அது வேறு பொருள் கொள்கின்றது. “நீ என்றும் வாங்கியவனாகவே இரு” என்பதைத் தவிர அந்த மடலில் நான் என்ன எழுதியிருந்தேன்? வள்ளுவரும் ஈகைக்கு ஓர் அதிகாரம், இரவுக்கு ஓர் அதிகாரம், இரவச்சத்திற்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கேளாமலே அன்பால் வருவதைக் கொள்ளும் முறைக்குத் தனி அதிகாரம் இல்லை. சொல்லித் தர வேண்டியதில்லை என்று நினைத்தாரோ, என்னவோ!

நம்முடைய மணிமேகலையிலும் ஒரு பாத்திரம் வருகின்றது. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி. அதுவும் மணிமேகலையின் கையில் வெறுமையாகவே வந்தது. ஆதிரையின் வாசலில் நின்று முதற்பிச்சை ஏற்ற பின்னரே அதிலிருந்து ஊருக்குச் சோறு பிறந்தது. இக்காட்சியைப் பலமுறை மேடையில் பேசியிருக்கின்றேன். ஆதிரையின் கற்பைப் பற்றியே பேசியிருக்கின்றேன்.

ஷோசான்ஜியின் பழைய தேவதாரு மரங்களை அடைந்தபோது பிற்பகல் மூன்று மணி. வழிபட்டு, கீழிறங்கும் வழியில் இரண்டு கிலோமீட்டர் தொலைவில் ஒரு சிறு கோயில் உண்டு. எமோன் சாபுரோ இறந்த இடம் என்கின்றனர். அவன் பெருஞ்செல்வன். வாசலில் வந்து நின்ற துறவியை நாள்தோறும் விரட்டினான். இறுதியில் அவர் கையிலிருந்த ஓட்டை அடித்து உடைத்தான். ஓடு எட்டாகச் சிதறியது. அவனுடைய எட்டு மக்களும் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். வந்தவர் தைஷி என்றுணர்ந்து, மன்னிப்புக் கேட்பதற்காகத் தீவை இருபது முறை சுற்றினான், காணவில்லை. இருபத்தோராம் முறை எதிர்த்திசையில் சுற்றி, இங்கே விழுந்து உயிர் போகும் வேளையில் அவரைக் கண்டான். தைஷி ஒரு கல்லில் எழுதி அவன் கையில் வைத்தாராம். பின்பு அந்நாட்டு ஆட்சியாளர் குடியில் மூடிய கையோடு ஒரு குழந்தை பிறந்தது. கை திறந்தபோது அதில் அக்கல் இருந்தது. மத்ஸுயாமா நகரத்து ஐம்பத்தோராம் கோயிலுக்குக் கல்-கைக் கோயில் என்று பொருள்படும் இஷிதேஜி என்னும் பெயர் இதனால் வந்தது.

பிள்ளைகளைக் கொன்று பாடம் புகட்டும் கதை எனக்கு உவப்பானதன்று. ஆயினும் துறவியும் மண்டியிட்ட செல்வனும் சிலையாக இருக்கும் அவ்விடத்தில் நெடுநேரம் நின்றேன். அவன் கொடுக்க மறுத்து ஓட்டை உடைத்தான். ஓட்டை வேறு வகையிலும் உடைக்கலாம். எனக்குச் சுற்றி வருவதற்கு எதிர்த்திசையில் ஒரு பாதையும் இல்லை.

ஒரு பழத்தை மலையிலேயே உரித்து உண்டிருந்தேன். இனிப்பு குறைவு, நீர் மிகுதி. மற்றொன்றை ஒசாகாவிற்குக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தேன். யார் கொடுத்தது என்று கேட்டாள். சொன்னேன்.

தம்பியின் மனைவி கும்பகோணத்தில் இருக்கின்றாள். ஆண்டுதோறும் கோடையில் வடகமும் உப்பு நார்த்தங்காயும் பொதி கட்டி அனுப்புவாள். பொதி வந்த வாரத்திலேயே விலையைக் கணக்கிட்டு, சற்றுக் கூட்டியே, பணம் அனுப்பிவிடுவது என் வழக்கம். திரும்பி வந்த பிறகு வந்த முதற் பொதிக்குப் பணம் அனுப்பவில்லை. பெற்றுக்கொண்டேன் என்று ஒரு மடல் எழுத உட்கார்ந்தேன். அரைப் பக்க மடல்தான். எழுதி முடிக்க மூன்று நாளாயிற்று.