சிக்கரி எத்தனை பர்சென்ட்?

அடையாறு காந்தி நகரில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. வயது அறுபத்தெட்டு. வங்கி மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். நெற்றியில் விபூதி, காதில் லெட் ஸெப்ளின். இரண்டு விஷயத்தில் அவரிடம் சமாதானமே பேச முடியாது. ஒன்று காபி: மயிலாப்பூரில் கண்ணெதிரே அரைத்துக் கொடுத்த பொடி, சிக்கரி வாடையே ஆகாது. இன்னொன்று ராக் இசை: வினைல் தட்டில்தான் கேட்பார், டிஜிட்டல் வாடையே ஆகாது.

அமெரிக்காவிலிருந்து பிள்ளை வரும்போது மற்ற அப்பாக்கள் பாதாம், பிஸ்தா கேட்பார்கள். இவர் பெட்டி கேட்பார். பழைய ராக் ஆல்பத்தை மறுபடி இசைத்தட்டாக அச்சடித்து, நாலைந்து தட்டு, தடியாக ஒரு புத்தகம், மடித்த போஸ்டர் எல்லாம் வைத்து விற்கிறார்களே, அந்த பாக்ஸ் செட். விலையை மாமி காதில் விழாமல் விரலால் காட்டினார். எனக்கே திக்கென்றது.

போன மாதம் புதுப் பெட்டி வந்திருந்தது. (கம்பெனி பெயர் வேண்டாம்.) ஐந்து தட்டில் ஒன்று பொரித்த அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. இன்னொன்றில் ஓட்டை நட்டநடுவில் இல்லை. அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் சுருதி லேசாக ஏறி இறங்குகிறது. நண்பர் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். மூன்றாவது தட்டைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, “இதான்பா அனலாக். கலப்பே கிடையாது. கேக்கறச்சேயே தெரியறது பாரு” என்றார். எனக்கு ‘கிர்’ரென்று ஒரு சத்தம்தான் தெரிந்தது. பி.காம். படித்த காது.

சும்மா இருந்திருக்கலாம். வாய் நிற்கவில்லை. “சார், மொபைல் ஃபிடிலிட்டி கதை தெரியுமா?” என்றேன்.

மொபைல் ஃபிடிலிட்டி சவுண்ட் லேப் 1977-ல் அமெரிக்காவில் ஆரம்பித்த கம்பெனி. நல்ல மறுபதிப்பு என்றால் உலகம் முழுக்க ரசிகர்கள் முதலில் சொன்ன பெயர்களில் ஒன்று. அட்டையின் தலையில் ‘ஒரிஜினல் மாஸ்டர் ரெக்கார்டிங்’ என்று ஒரு பட்டை இருக்கும். 2016-ல் சான்டானாவின் ‘அப்ராக்ஸஸ்’ஸில் தொடங்கி, அச்சு எடுக்கும் படிகளைக் குறைத்து ‘ஒன் ஸ்டெப்’ என்று ஒரு வரிசை போட்டார்கள். விலை நூறு டாலர், அதற்கு மேலும். எல்லாம் அனலாக், மூல டேப்பிலிருந்து நேராகத் தட்டுக்கு என்று ரசிகர்கள் நம்பினார்கள். கம்பெனி அந்த நம்பிக்கையைத் திருத்தவில்லை.

பிறகு மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ இதே முறையில் 40,000 தட்டு வரும் என்று அறிவித்தார்கள். அங்கேதான் கணக்கு இடித்தது. இந்த முறையில் ஒரு தடவை வெட்டினால் ஏறத்தாழ ஆயிரம் தட்டு தேறும். அப்படியானால் நாற்பது தடவையாவது வெட்ட வேண்டும். முழு அனலாக் என்றால் ஒவ்வொரு வெட்டுக்கும் மூல டேப்பை ஓட்டியாக வேண்டும். ஓட ஓடத் தேய்கிற பழைய டேப்பை எந்த முதலாளி அப்படிக் கொடுப்பான்?

2022 ஜூலையில் அரிசோனாவில் இசைத்தட்டுக் கடை வைத்திருக்கும் மைக் எஸ்பொசிடோ விஷயத்தைப் போட்டு உடைத்தார். கம்பெனியின் எஞ்சினியர்களே கேமரா முன் ஒத்துக்கொண்டார்கள். டேப்பிலிருந்து முதலில் உயர்தர டிஜிட்டல் பிரதி, அதிலிருந்துதான் தட்டு. 2011-லிருந்தே நிறையத் தட்டுகள் இப்படித்தான். வழக்கு வந்தது. 2023-ல் இரண்டரைக் கோடி டாலருக்கு சமரசம். வேண்டாதவர்கள் தட்டைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் வாங்கிக்கொள்ளலாம் என்றும் ஏற்பாடு.

இதில் வேடிக்கை என்னவென்றால், டிஜிட்டல் சத்தம் ஒரு மைல் தூரத்திலேயே தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்த பெரிய காதுகள் எல்லாம் பதினோரு வருஷம் இந்தத் தட்டுகளைக் கொண்டாடியிருக்கின்றன.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “காதுக்கே தெரியலைன்னா என்னப்பா நஷ்டம்?”

நியாயமான கேள்விதான். நல்ல சத்தத்துக்குக் காசு கொடுத்தார்கள். நல்ல சத்தம் கிடைத்தது. கணக்கு நேராகிவிட்டதே?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கபாலி கோயில் மடப்பள்ளிப் புளியோதரையையும் பக்கத்து மெஸ் புளியோதரையையும் கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டால் மெஸ்காரர் ஜெயித்தாலும் ஜெயிப்பார். அதற்காக மெஸ்ஸில் வாங்கிக் கொடுத்துவிட்டு “பிரசாதம்” என்று சொல்லலாமா? பிரசாதத்தை யாரும் நாக்கால் சோதிப்பதில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் அதன் ருசி. வினைல் ரசிகரும் அதே ஜாதி. அன்றைக்கு ஸ்டூடியோவில் ஓடிய டேப்புக்கும் தன் வீட்டு ஊசிக்கும் நடுவே ஒன்றும் இல்லை என்ற நினைப்புக்குத்தான் அந்த நூறு டாலர். அசட்டுத்தனம் என்று நீங்கள் சொல்லலாம். சரி, அசட்டுத்தனம் என்று தெரிந்தே விற்றவருக்கு என்ன பெயர்?

பிரதி எடுப்பது பாவமே இல்லை. எம்.எஸ். பாடிய வேங்கடேச சுப்ரபாதம் 1963-ல் இசைத்தட்டாக வந்தது. இன்றைக்கு மாட வீதியில் விடிகாலையில் கேட்பது அதன் எத்தனையாவது பிரதியோ? யாருக்கும் வருத்தமில்லை. ‘மூல டேப்பிலிருந்து நேராக’ என்று சொல்லி யாரும் அதற்குக் காசு வாங்கவில்லையே. தொண்ணூறுகளில் பழைய இந்திப் பாட்டுகளின் மேல் டமடமவென்று தாளத்தை ஒட்டி ‘ஜங்கார் பீட்ஸ்’ என்று கேசட் விற்றார்கள். காது கூசும். ஆனால் அட்டையிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தான், புண்ணியவான். ஏமாந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

நம் பழைய பாட்டுகளுக்கும் யாராவது இப்படிப் பெட்டி போட்டால் நான் வாங்கும் முதல் ஆளாக இருப்பேன். 1978-ல் வந்த ‘ப்ரியா’வை, தமிழ் சினிமாவில் ஸ்டீரியோவில் பதிவான முதல் பாடல்கள் என்பார்கள். அதை நல்ல தட்டில் கேட்க ஆசை. மூல டேப் கிடைக்கவில்லை, பழைய தட்டிலிருந்துதான் எடுத்தோம் என்றால் அதுவும் பரவாயில்லை. அட்டையில் ஒரு வரி போட்டால் போதும்.

காபிப் பொடிப் பாக்கெட்டில் காபி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம் என்று அச்சடிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. சிக்கரி விஷமில்லை. சிக்கரி காபிதான் பிடிக்கும் என்பவர்கள் ஏராளம். இருந்தும் சொல்லச் சொல்கிறார்கள். பி.காமில் படித்த 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டம் இதில் கொஞ்சம் தாராளம். வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கிறது, பேசவேண்டிய கடமை இருந்தாலொழிய. அந்தக் கடமை எப்போது வருகிறது என்பதில்தான் வக்கீல்கள் பிழைக்கிறார்கள்.

இவ்வளவையும் பிரசங்கம் செய்துவிட்டுத் தண்ணீர் குடிக்க சமையலறைப் பக்கம் போனேன். மாமி டிகாக்ஷன் இறக்கிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நீ பேசினது நன்னாத்தான் இருந்தது. காப்பிக்கொட்டை விலை ஏறினதிலேர்ந்து இங்கே இருபது பர்சென்ட் சிக்கரிதான் ஓடறது. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அவர்கிட்ட சொல்லிடாதே. தெரிஞ்சா அன்னியிலேர்ந்து கசக்க ஆரம்பிச்சுடும்.”

டபராவை வாங்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். நண்பர் ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடினார். வளைந்த தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

“எப்படி?” என்றார்.

“பேஷ்” என்றேன்.

“கலப்பே கிடையாது, பாத்தியா!”

நான் காபியை ஆற்ற ஆரம்பித்தேன்.