அபூ ஸைஃபின் துருத்தி



மதீனாவில் அபூ ஸைஃப் என்றொரு கொல்லர் இருந்தார். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீமுக்குப் பாலூட்டியவர் அவருடைய மனைவிதான். ஒருநாள் நபியவர்கள் மகனைப் பார்க்கப் புறப்பட்டார்கள். அனஸ் (ரலி) உடன் சென்றார்கள். அபூ ஸைஃப் துருத்தி ஊதிக்கொண்டிருந்தார். வீடு முழுக்கப் புகை. அனஸ் விரைந்து முன்னால் போய், அல்லாஹ்வின் தூதர் வந்திருக்கிறார்கள், நிறுத்துங்கள் என்றார்கள். அவரும் நிறுத்திவிட்டார். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது.

அந்தக் குழந்தை இறந்தபோது நபியவர்கள் கண்ணீர் விட்டதைச் சொல்லத்தான் நாம் இந்த ஹதீஸை எடுப்போம். நானும் பல வருடம் அப்படித்தான் பேசியிருக்கிறேன். துருத்தி நின்ற இடம் என் கண்ணில் படவே இல்லை. படவைத்தவர் ஒரு பட்டறைக்காரர்.

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குவது அவருடைய தொழில். நம் பள்ளிவாசலுக்குத் தாராளமாகக் கொடுப்பவர். ஒருநாள் அஸருக்குப் பிறகு தனியாக வந்து கேட்டார்: "ஹஜ்ரத், புகை வருகிறது என்று பக்கத்துத் தெருக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். என் பட்டறைதான் முதலில் வந்தது, வீடுகள் பின்னால் வந்தவை. இருந்தாலும் புகைபோக்கியை உயர்த்திக் கட்டிவிடுகிறேன். அது போதும்தானே?"

முதலில் வந்தவர் என்ற வாதம் நம் ஃபிக்ஹில் எல்லாத் தீங்குக்கும் செல்லாது. உதுமானியப் பேரரசு ஹனஃபி சட்டங்களைத் தொகுத்து 1869 முதல் 1876 வரை வெளியிட்ட மஜல்லாவின் 6வது விதி, பழையதை அதன் பழைய நிலையிலேயே விடலாம் என்கிறது. அடுத்த விதியே அதற்கு விலக்கு: தீங்குக்குப் பழமை என்ற உரிமை கிடையாது. வீட்டில் குடியிருக்க முடியாதபடி பக்கத்து அடுப்பின் புகை வந்தால் அதை நீக்க வேண்டும் என்று 1200வது விதி உதாரணத்தோடு பேசுகிறது. இத்தனைக்கும் அன்றைய புகை வெறும் விறகுப் புகை!

புகைபோக்கி விஷயத்துக்கு வருவோம். கனடாவில் சட்பரி என்ற ஊரில் நிக்கலும் செம்பும் உருக்குகிறார்கள். தாதுவில் இருக்கும் கந்தகம் எரிந்து ஊரையே மொட்டையாக்கியது. 1972இல் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி ஒன்று இயங்கத் தொடங்கியது. ஈஃபிள் கோபுரத்தைவிட உயரம். ஊருக்குள் காற்று தெளிந்தது. கந்தகம் எங்கே போகும்? காற்றோடு வெகுதூரம் போய் அமில மழையாக அடுத்தவர் ஏரிகளில் விழுந்தது. பிறகு கந்தகத்தை ஆலைக்குள்ளேயே பிடிக்கத் தொடங்கியபோதுதான் நிலைமை மாறியது. 2020இல் அந்தப் புகைபோக்கிக்கு வேலையே இல்லாமல் போனது.

ஒரு தீங்கை அதே போன்ற இன்னொரு தீங்கால் நீக்கக் கூடாது என்பது மஜல்லாவின் 25வது விதி. அவருக்கு அதைத்தான் சொன்னேன். உங்கள் புகைபோக்கி உயர்ந்தால் சண்டைக்கு வருபவர்கள் மாறுவார்கள், ஈயம் மாறாது. அது காற்றில் கரைந்து காணாமல் போகும் பொருளல்ல. தூசியாக இறங்கி மண்ணில் கிடக்கும். தரையில் தவழ்ந்து விரலை வாயில் வைக்கிற குழந்தையின் மூளையைத்தான் முதலில் பிடிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அவர் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் மூடிவிடவா? பன்னிரண்டு பேர் குடும்பம் இருக்கிறது."

மூடச் சொல்லவில்லை. இரும்பை வளைத்த தாவூத் (அலை) நபி, வாள் செய்து பிழைத்த கப்பாப் (ரலி) ஸஹாபி. உலைத் தொழில் இழிவானதல்ல. புகையை உள்ளேயே பிடிக்கும் பை வடிகட்டிகள் இருக்கின்றன. விலை அதிகம்தான். அந்தச் செலவை இன்று உங்களுக்குப் பதிலாகப் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். பள்ளிவாசலுக்குத் தரும் ஸதகா அதை ஈடுகட்டாது. அது ஹக்குல் இபாத், அந்த மக்கள்தான் மன்னிக்க வேண்டும். இதைச் சொன்னது நிர்வாகத்தில் சிலருக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் அவரை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதிது வாங்கும் கடையிலேயே திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் தெருவில் வரும் பழைய சாமான்காரர் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறார் என்று அவரிடம் போடுகிறோம். வடிகட்டி இல்லாத உலைதான் அந்தக் கூடுதல் பணத்தைத் தர முடியும். அந்தப் பணம் நம் சட்டைப்பையில் இருக்கிறது.

அவர் இன்னும் வடிகட்டி வாங்கவில்லை. கூலியாட்கள் குளித்து உடை மாற்றிவிட்டுப் போக ஓர் அறை கட்டியிருக்கிறார். ஈயத் தூசி அவர்கள் சட்டையோடு வீட்டுக்குப் போவது குறைந்திருக்கிறது. வடிகட்டியைப் பற்றி ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பிறகும் கேட்கிறேன். விலை விசாரித்துக்கொண்டிருக்கிறாராம்.