செவியில்லார்க்குச் சிரவணம் உண்டோ?

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. உத்தமபாளையம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தாயார், தம் பிள்ளையின் தலையில் ஸ்ரீசடாரி சாதித்த பின்னும் நகராமல் நின்றார். பிள்ளைக்குப் பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் வரவில்லை. "சாமி, பெருமாள் பேரு இவன் காதுல விழுந்ததே இல்லை. இவன் கும்பிடுறது அவருக்குப் போய்ச் சேருமா?" என்று கேட்டார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. "எல்லாம் பூர்வ கர்மம் அம்மா, துளசி வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் கேட்டது ஒன்று. அடியேன் சொன்னது வேறொன்று. அவர் கண் கலங்கியதைக் கண்டும் அடுத்தவருக்குத் தீர்த்தம் சாதித்தேன். அன்று சொல்லத் தவறிய விடையை இம்மலரில் எழுத முயல்கிறேன்.

வைஷ்ணவனுக்கு இது எளிய கேள்வியன்று. ப்ரஹ்லாதாழ்வான் எடுத்துரைத்த ஒன்பது வகை பக்தியில் முதலாவது சிரவணம். ஆசார்யன் மந்த்ரோபதேசம் செய்வதும் செவியிலேதான். செவியில்லாதவன் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறானோ என்ற ஐயம் எழத்தான் செய்யும். ஸ்ம்ருதி இன்னும் கடுமையாகவே பேசுகிறது. மநு ஸ்ம்ருதியின் ஒன்பதாம் அத்யாயம், செவிடனுக்கும் ஊமைக்கும் தந்தையின் சொத்தில் பங்கில்லை என்கிறது. உணவும் உடையும் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. இவர்களுக்கு இருந்த அந்தத் தடையை 1928ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிற்று. 1956ஆம் ஆண்டு ஹிந்து வாரிசுரிமைச் சட்டம், உடற்குறை எதுவும் வாரிசுரிமைக்குத் தடையாகாது என்று தெளிவாக்கிற்று. ஸம்ஸ்க்ருத பாடசாலையில் படித்தவன் என்பதற்காக இதை மறைத்து எழுத அடியேனுக்கு மனம் வரவில்லை.

ஆனால் சிரவணத்தை முதலில் வைத்த அந்த ப்ரஹ்லாதன் தான் எங்கே கேட்டான்? தாய் கயாதுவின் கர்ப்பத்தில் இருந்தபோது நாரதருடைய உபதேசத்தைக் கேட்டான். வெளிக்காற்று புகாத அவ்விடத்தில் ஓசை தாயின் சரீரத்தின் வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும்.

சப்தம் என்பதை நம் சாஸ்த்ரம் எப்படிப் பிரித்துப் பார்க்கிறது என்பதும் இங்கே உதவும். ஆகாசத்துக்குக் குணம் சப்தம் ஒன்றே. வாயுவுக்குச் சப்தத்தோடு ஸ்பர்சமும் உண்டு. இப்படி ஒன்றொன்றாகக் கூடி, ப்ருதிவியில் ஐந்து குணங்களும் இருக்கின்றன. ஆகவே மரத்திலும் தோலிலும் தரையிலும் குடிகொண்ட ஓசை, தொடுவுணர்வையும் உடன் கொண்டே வருகிறது. புறப்பாட்டில் தவிலுக்கு அருகே நின்றவர்கள் இதை அறிவார்கள். தொப்பியில் கழி விழும்போது அடி வயிறு அதிர்கிறது. நாகஸ்வரத்தின் உச்ச ஸ்தாயி செவியில் மட்டும் நிற்கிறது. செவி ஒரு நொடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளைக் கேட்கும் என்றும், தோல் ஏறத்தாழ 1,000 வரை உணரும் என்றும் இக்காலத்தார் அளந்திருக்கிறார்கள். அந்த ஆயிரத்துக்குள் தாளம் முழுவதும் அடங்கிவிடும்.

இதற்குச் சான்றாக இன்று நம்மோடு வாழ்பவர் ஈவ்லின் க்ளென்னி என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அம்மையார். 1965இல் பிறந்தவர், பன்னிரண்டு வயதுக்குள் செவிப்புலனை ஏறக்குறைய முழுவதும் இழந்தார். அவருடைய ஆசிரியர் ஓர் உபாயம் செய்தார். பெரிய முரசுகளைத் தாம் முழக்க, மாணவியின் உள்ளங்கைகளை அறையின் சுவரில் வைத்து உணரச் செய்தார். தாழ்ந்த ஒலி காலிலும் பாதத்திலும், உயர்ந்த ஒலி முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் தோன்றுவதை அவர் கண்டுகொண்டார். இன்றும் மேடையில் காலணியின்றி நின்றே வாசிக்கிறார். 2012இல் இலண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் முரசு முழக்கியவர் அவரே.

ஜெர்மானியரான பீத்தோவனின் கதை வேறு. நம் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா 2025 மார்ச்சில் இலண்டனில் அரங்கேற்றினாரே, சிம்பொனி, அவ்வகையில் ஒன்பதாவதை அவர் 1824 மே 7 அன்று வியன்னாவில் அரங்கேற்றியபோது அவருக்குக் காது கேளாது. கைதட்டலும் கேட்கவில்லை, பாடகி ஒருவர் அவரைச் சபையின் பக்கம் திருப்பிவிட்ட பிறகே கண்டார். ஆனால் அடியேன் மனத்தில் தைத்தது, செவி குன்றிவந்த 1802இல் அவர் தம் சகோதரர்களுக்கு எழுதி, அனுப்பாமலே வைத்திருந்த கடிதம். மனிதர்களோடு இயல்பாகப் பேச முடியவில்லை, உரக்கப் பேசுங்கள் என்று கேட்கவும் நாணமாயிருக்கிறது, ஆகவே தனிமையில் ஒதுங்கினேன் என்பதே அதில் பெரும் முறையீடு.

துன்பம் எங்கே இருக்கிறது என்பது இங்கேதான் விளங்குகிறது. காது கேளாதவரிடம் ஓசை எப்படியோ உடல் வழியாகச் சென்று சேர்ந்துவிடுகிறது. நாம்தான் அவர்களிடம் சென்று சேர்வதில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் தேசத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் செவிக்குறை உண்டு. அவர்களுள் பலர் கையால் பேசும் மொழிக்குத் தனி இலக்கணமே இருக்கிறது. எத்தனை வீடுகளில் தாய் தந்தையர் அதைக் கற்றிருக்கிறார்கள்? சாப்பிடு, வா, போ என்னும் நாலைந்து ஜாடைகளோடு ஒரு ஜன்மம் கழிந்துவிடுகிறது.

நம் ஆசார்யர்கள் இதில் எப்படி நடந்தார்கள்? எம்பெருமானார் ஓர் ஊமையைத் தனியறைக்கு அழைத்துச் சென்று கதவைச் சாத்தி, சொல் ஒன்றுமின்றி, தம் திருவடிகளே தஞ்சம் என்று ஜாடையால் காட்டி அருளினார் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கதவிடுக்கில் அதைக் கண்ட கூரத்தாழ்வான், இத்தனை சாஸ்த்ரம் கற்றதனாலன்றோ இப்பேற்றை இழந்தோம் என்று வருந்தினாராம். உடையவர் அந்த ஊமைக்குச் செவியைக் கொடுத்ததாகக் கதையில் இல்லை. அவன் மொழிக்குத் தாம் இறங்கிவந்தார், அவ்வளவே.

எம்பெருமானும் அப்படித்தானே! அர்ச்சாவதாரத்தில் அவன் வாய் திறப்பதில்லை. திருக்கச்சி நம்பிகளைப் போல் ஒருவரிருவரோடு பேசியதெல்லாம் விலக்கு. மற்றையோரிடம் அவன் கையால்தான் பேசுகிறான். திருவேங்கடமுடையானின் வலத் திருக்கை திருவடியைக் காட்டுகிறது. இடையில் வைத்த இடத் திருக்கை, சரணடைந்தவனுக்கு ஸம்ஸார ஸாகரம் இடுப்பளவே என்கிறது. இதற்குச் செவி எதற்கு? ஜீவனின் ஜ்ஞானம் இந்த்ரியங்கள் என்னும் வாசல்கள் வழியே வெளியே பாய்கிறது என்பது நம் ஸித்தாந்தம். ஒரு வாசல் அடைபட்டால் அது மற்றொன்றின் வழியே பாயும். ஆகவே அம்மா, உங்கள் பிள்ளை கும்பிட்டது பெருமாளிடம் போய்ச் சேர்ந்தது. அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு உத்ஸவத்தில் அந்தத் தாயாரை மீண்டும் கண்டேன். பிள்ளை வாலிபனாகிவிட்டான். தவில் முழங்கும்போது மண்டபத் தூணில் உள்ளங்கையை வைத்து நின்றுகொண்டிருந்தான். சந்நிதிக்கு வந்ததும் பெருமாளின் வலத் திருக்கையைச் சுட்டி, விரல்களால் ஏதோ கேட்டான். "அந்தக் கை என்ன சொல்லுதுன்னு கேக்குறான் சாமி" என்றார் தாயார். அஞ்சாதே என்பதை எனக்குத் தெரிந்தவரை கையசைத்துக் காட்டினேன். அவன் சிரித்துவிட்டு, இல்லை, இப்படி என்று என் கையைப் பிடித்துத் திருத்தினான். பின்னால் வரிசை காத்திருந்தது. மறுமுறையும் செய்து காட்டச் சொன்னேன்.